கிருத்திகையன்று வைத்த சூப்

எங்கள் வீட்டில் சூப் என்றால் கல்யாண ரிசப்ஷனில் காகிதக் கப்பில் கொடுப்பதுதான். பாகூரில் நெல்லும் கரும்பும் போடுகிற நான் ஒருநாள் அதை அடுப்பில் வைப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போன வருஷம் என் மனைவிக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ ஊசி. இரண்டாவது ஊசியோடு அவள் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். எதைக் கொடுத்தாலும், "துருப்பிடிச்ச ஆணியச் சப்புற மாதிரி இருக்குது" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பக்குவமாகத்தான் சொன்னார். எடை இன்னும் குறைந்தால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்குமாம். காய்கறி சூப்பாவது கொடுத்துப் பாருங்கள் என்றார். தள்ளிப்போடுவது என்றதுமே, திரும்பும் வழியிலேயே காய் வாங்கிவிட்டேன்.

குக்கரின் ஆவி வாடையே அவளுக்குக் குமட்டியது. அதனால் மண்சட்டியை எடுத்தேன். சுரைக்காய், பரங்கிக்காய், கேரட், சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு. எல்லாவற்றையும் போட்டு, தண்ணீர் ஊற்றி, கேஸைச் சிம்மில் வைத்தேன். நான் அவசரக்காரன். மோட்டார் சுவிட்சைத் தட்டினால் அடுத்த நொடி வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டும் எனக்கு. அந்தக் கேரட்டை மூன்று முறை கரண்டியால் குத்திப் பார்த்தேன், மூன்று முறையும் திட்டினேன். இரண்டு மணி நேரம் ஆனது எல்லாம் குழைய. மத்தால் மசித்து, வடிகட்டி, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டேன்.

அன்று கிருத்திகை. வருஷக்கணக்காக அவள் பிடித்துவந்த விரதம். அவளால் முடியாது என்பதால் நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் முருகனுக்குப் படைத்து விளக்கேற்றும்வரை எதுவும் நாக்கில் படக்கூடாது, சமைத்ததை ருசி பார்க்கவும் கூடாது. வேறு வழியில்லாமல் ஒரு கரண்டி சூப்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன்.

"உப்புப் பாருடி. நான் வாயில வெக்கக் கூடாது."

எனக்காகத்தான் வாயைத் திறந்தாள். முகம் சுளித்தாள். போச்சு, இதுவும் ஆணிதான் என்று நினைத்தேன்.

"இன்னாங்க இது? உப்பே போடலியா?"

போடவில்லைதான். கேரட்டோடு மல்லுக்கட்டியதில் சுத்தமாக மறந்துவிட்டேன். ஆனால் உப்பில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது! ஓடிப்போய் உப்புப் போட்டுக் கலக்கி, மறுபடி கரண்டியை நீட்டினேன்.

"பத்தல."

இன்னொரு சிட்டிகை போட்டேன்.

"இப்ப உப்பு சரி. மிளகு ஒறைக்கவே இல்ல. சூப்பு வெக்கிற மூஞ்சப் பாரு."

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். எதற்கும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மிளகை இடித்துப் போட்டு நாலாவது தடவை வந்தபோது அவள் எழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கரண்டில ஊத்துனா ஒண்ணும் தெரியல. டம்ளர்ல கொண்டாங்க."

டம்ளரில் கொண்டுவந்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தாள். நடுவில் நிறுத்திவிடுவாளோ என்று டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடிவரை குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள்.

"இன்னும் இருக்குதா?"

"சட்டி நெறைய இருக்குதுடி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. முருகனுக்கு, அந்த டாக்டரம்மாவுக்கு, நான் திட்டிய கேரட்டுக்குக்கூட மனசுக்குள் கும்பிடு போட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது டம்ளரை ஊற்றினேன்.

மூன்றாவது ஊசியைக் குறித்த நாளிலேயே போட்டார்கள்.