சர்வேயர் வரும்வரை

காலை ஒன்பதரை மணிக்குப் புதூர்நாட்டுச் சாலை வளைவில், என் மகள் ஓட்டிய கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. காயமில்லை, ஆனால் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

கேழ்வரகுக் கொல்லையிலிருந்து ஓடிவந்தவர்கள் காரைத் தூக்கப் போனார்கள்.

“வேணாங்க. இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்காம நகர்த்தினா பணம் கிடைக்காது” என்று தடுத்தேன்.

“சர்வேயரா? பக்கத்து ஊருலதான் கீறாரு, இட்டாந்துடறேன்” என்று ஒருவர் ஓடினார். அவர் மனைவி கொண்டுவந்த கூழை மகள் தொடவே இல்லை. நான் பயந்துபோய் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ஓடியவர் திரும்பினார். அவர் கூட்டிவந்தது நிலம் அளக்கும் சர்வேயரை; தோளில் அளவுச் சங்கிலி.

“எந்த நெலத்த சார் அளக்கணும்? மொதல்ல அந்தக் காரை நகர்த்துங்க” என்றார் சர்வேயர்.

மகள் என்னைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது, பிறகு சிரிப்பு பீறிட்டது.

“நகர்த்துங்கப்பா. சர்வேயரே சொல்லிட்டாரு.”