பூதம் பிழைத்த கதை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அய்யாவு கிராணியைப் போலப் பேசிக்காட்டுவதுதான் எனக்கு ரொம்பச் சுலபம். மூக்கை லேசாக அடைத்துக்கொள்ள வேண்டும். எந்தச் சொல்லிலும் ஏற்ற இறக்கம் கூடாது. "காஜாங் வண்டி. முட்டை ஒரு கூடை. உடைஞ்சது நாலு." அவ்வளவுதான், அய்யாவு வந்துவிட்டார்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் அவர் பதினேழு வருஷமாகப் பார்சல் குமாஸ்தா; எங்கள் பேச்சில் கிராணி. தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாலும் முட்டைக் கூடையைப் பற்றிச் சொன்னாலும் அதே குரல்தான். அந்தக் குரலுக்குள்ளே மலை உயரத்துக்கு ஒரு பூதம் நின்றுகொண்டிருந்தது 1930 வரை யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம்தான் கதை எழுத ஆரம்பித்தார். நல்ல வெள்ளைத் தாள், உருட்டி உருட்டிப் போட்ட எழுத்து. மகுடவர்மன் என்று ஒரு ராஜகுமாரன். ராஜாவையோ அரண்மனையையோ அய்யாவு பார்த்ததில்லை. தான் வேலை பார்த்த ஸ்டேஷனையே அரண்மனை ஆக்கிக்கொண்டார். அரண்மனைக்கு எத்தனை கோபுரம் என்று கேட்டால், பார்சல் ஆபீஸை விட்டு வெளியே போய் அண்ணாந்து எண்ணிவிட்டு வந்து சொல்வார். பதினெட்டு அத்தியாயத்தில் மகுடவர்மன் காடு, கடல் எல்லாம் தாண்டிப் போய் மலையில் நின்ற பூதத்தை ஒரே வெட்டாக வெட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குழாயடியில் பத்து இருபது பேர் உட்கார, அதே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த நான் வாசிப்பேன். அவர் வாசித்தால் பூதமும் முட்டைக் கூடை மாதிரி ஆகிவிடும். ராஜகுமாரனுக்கு நான் எங்கள் தலைமைக் குமாஸ்தாவின் குரலைக் கொடுத்தேன். ஆட்கள் புரண்டு புரண்டு சிரித்தார்கள். அய்யாவு சிரிக்கவில்லை. பின்னால் நின்று, தன் கையிலிருந்த நகலின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் என்ன சொன்னார்கள் என்பதை அல்ல, என்ன செய்தார்கள் என்பதை. "இங்கே மூன்று பேர் எழுந்து போனார்கள்." "இங்கே வெற்றிலை." "இங்கே கொட்டாவி, இரண்டு."

கதை முடிந்த அன்று நல்லம்மாள் கேட்டாள். ரோட்டு வேலையில் கல் கூடை சுமக்கிறவள்; ஊர்க்குருவி மாதிரிக் குரல், ஆனால் நிறுத்தவே முடியாது.

"ஏன் கிராணியாரே, அந்தப் பூதம் என்னா தப்பு பண்ணுச்சு?"

"பூதம்லா அது."

"பூதமாப் பொறந்ததே தப்பா?"

"இல்ல... மலையில நிக்குது."

"நின்னா வெட்டிப்புடுவீங்களா? நாங்கூடத்தான் நாள் பூரா ரோட்டுல நிக்கிறேன். வாங்க, வெட்டுங்க."

வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள். இவர் அந்த வார்த்தைகளை அப்படியே ஓரத்தில் எழுதிக்கொண்டார். பூதம் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வருஷமும் இரண்டாவது பிரதி முழுவதும் தேவைப்பட்டன. சாபம் என்று எழுதிப் பார்த்தார். புதையலுக்குக் காவல் என்று எழுதிப் பார்த்தார். குழாயடியில் வெற்றிலையும் கொட்டாவியும்தான் கிடைத்தன.

மூன்றாவது பிரதியில் விடை வந்தது. பூதத்தின் தோளில் ஓர் ஊர் இருக்கிறது. உட்கார்ந்தால் ஊர் கவிழ்ந்துவிடும். ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. மலை மேல் குடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிரதியில்தான் பூதம் பெண்ணாகவும் ஆனது. ஏன் என்று கேட்டேன். "பொம்பளைதான் தம்பி. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுச்சு" என்றார், ரயில் தாமதம் என்பதைச் சொல்கிற மாதிரி.

நல்லம்மாளுக்குக் கதை பிடித்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சுமக்கிறவளுக்கு எங்க செரமம்னு உங்களுக்குத் தெரியல. கனம் பழகிடும் கிராணியாரே. ரெண்டு கையும் கூடையில இருக்கிறப்ப, முதுகுல ஒரு எடம் அரிக்கும் பாருங்க. அதான் நரகம்."

நான்காவது பிரதியில் பூதத்துக்கு முந்நூறு வருஷமாக முதுகில் அரிப்பு. சொறிந்தால் ஊர் போய்விடும். ராஜகுமாரன் ஒவ்வொரு பிரதியிலும் இளைத்துக்கொண்டே வந்து, இதில் காணாமலே போய்விட்டான். நல்ல தாளும் தீர்ந்துவிட்டது. பழைய பார்சல் ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதினார். அதை வாசித்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஓரங்கள் சுத்தமாகக் கிடந்தன. அப்போதும் அவருக்குத் திருப்தி இல்லை. "முடிவு சரியா வரல தம்பி. அவ அப்படியே நின்னுக்கிட்டிருக்கா."

கோலாலம்பூரில் இரண்டு அச்சகங்கள் முடியாது என்று சொல்லிவிட்டன. 1934இல் கிள்ளான் அச்சக முதலாளி பழனியப்பன் மட்டும் அனுப்பிவைக்கச் சொன்னார். கட்டு கட்டுவது அய்யாவுவின் தொழில் அல்லவா? மழை பட்டால் ரசீதுகள் ஊறிவிடுமே என்று, மேலேயும் கீழேயும் பழைய தாள் வைத்து இறுக்கிக் கட்டினார். பழைய தாள் என்று கைக்கு வந்தது முதல் பிரதி. மேலே அதன் முதல் இரண்டு அத்தியாயம், கீழே அதன் கடைசி அத்தியாயம். ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இரண்டு பாரம், அதாவது முப்பத்திரண்டு பக்கம், அச்சாகிவிட்டது, நேரில் வரவும். சனிக்கிழமை லீவு போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வண்டி ஏறினார்.

பழனியப்பனுக்குப் பாயசம் குடித்துவிட்டுப் பேசுகிற குரல். "வாங்க கிராணியாரே, வாங்க! பிரமாதம்! அந்த ராஜகுமாரன் வாளை உருவுறான் பாருங்க, எனக்கே கை துடிச்சுச்சு. கடைசியில ஒரே வெட்டு! ஆனா நடுவுல யாரோ ரசீதுக்குப் பின்னால கிறுக்கினது கெடக்கு. அதுல ராஜகுமாரனையே காணோம். பூதத்துக்கு அரிக்குதாம். அதை எடுத்துட்டு, முன்னையும் பின்னையும் ஒட்டிடலாம்னு பாக்கிறேன்."

அய்யாவு அச்சான முப்பத்திரண்டு பக்கத்தையும் புரட்டினார். மை இன்னும் மணந்தது.

"மொதலாளி, நடுவுல இருக்கிறதுதான் கதை. மேலேயும் கீழேயும் இருக்கிறது பேக்கிங்."

எழுத்துக் கோக்கும் ஜெயராஜ் கையிலிருந்த அச்சுகளைக் கொட்டிவிட்டான். "பேக்கிங்கையா அண்ணே நான் கண்ணு நோகக் கோத்தேன்?"

பழனியப்பன் குரலில் பாயசம் வற்றிவிட்டது. "காகிதம் கப்பல்ல வருது கிராணியாரே. அச்சடிச்சதை நான் கிழிக்க மாட்டேன். இதே ராஜகுமாரன் இதே வாளோட அந்தப் பூதத்துக்கிட்ட போயே ஆகணும். முடியாதுன்னா கட்டைத் தூக்கிக்கிட்டுப் போங்க, திங்கக்கிழமை வேற வேலை மிஷின்ல ஏறுது."

நாலு வருஷ உழைப்பு. பேசாமல் தலையாட்டினால் பெயர் அச்சில் வந்துவிடும், பூதம் செத்துப்போகும். ஆட்டிவிடுவார் என்றே நான் நினைத்தேன்.

"அஞ்சு மணி வண்டி வரைக்கும் டைம் குடுங்க" என்றார் அய்யாவு. "வாளோட போவான்."

காகிதக் கட்டு மேல் உட்கார்ந்து, புரூஃப் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளாக நான் வாசிக்க, ஜெயராஜ் கோத்துக்கொண்டே வந்தான். இத்தனை வருஷம் முட்டை எண்ணிய மனிதர் அன்று ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

மகுடவர்மன் பூதத்தின் மேல் ஏறுகிறான். முழங்காலுக்கு இரண்டு நாள், இடுப்புக்கு ஐந்து நாள். ஒன்பதாவது நாள் தோள்பட்டைக்குக் கீழே வந்து வாளை ஓங்குகிறான். தலைக்கு மேலே சத்தம் கேட்கிறது. யாரோ குடம் வைக்க இடம் கேட்டுச் சண்டை போடுகிறார்கள். ஒரு குழந்தை பாடம் ஒப்பிக்கிறது. அப்போது பூதம் மெதுவாக, ஊர் அசையாதபடி, சொல்கிறது: "வெட்டுறதுன்னா வெட்டு தம்பி. அதுக்கு முன்னால, கொஞ்சம் இடது பக்கமா..."

அவன் யோசிக்கிறான். வாளைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் சொறிகிறான். முந்நூறு வருஷத்துப் பெருமூச்சு ஒன்று வருகிறது. மேலே ஊரில் கொடியில் காய்ந்த வேட்டி எல்லாம் ஒரே நேரத்தில் படபடக்கிறது.

அந்த இடத்தில் தலைமைக் குமாஸ்தாவின் குரல் எனக்கு வரவில்லை. சொந்தக் குரல்தான் வந்தது. ஜெயராஜ் கோப்பதை நிறுத்திவிட்டான். பழனியப்பன் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது.

"சொறிஞ்சிட்டு? எப்ப வெட்டுவான்?"

"வெட்ட மாட்டான் மொதலாளி."

"அப்ப கல்யாணமாவது பண்ணிக்குவானா?"

"அவனுக்கு ஏது நேரம்? அந்த முதுகு நாலு மைல்."

பழனியப்பன் அடக்கிப் பார்த்தார். முதலில் மூக்கு சிரித்தது, பிறகு தொந்தி. கட்டின் அடியிலிருந்த வெட்டு அத்தியாயத்தை உருவி அய்யாவுவின் கையில் கொடுத்தார். "ஜெயராஜு, இதை மூணாவது பாரமாப் போடு. ரசீதுல இருக்கிறதையும் ஒண்ணு விடாமக் கோத்துடு."

அடுத்த தை மாதம் புத்தகம் வந்தது. செந்தூலிலிருந்து ஒரு தமிழ் வாத்தியார் அதைத் தேடிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கே வந்தார்.

"முப்பத்திரண்டு பக்கம் வரைக்கும் வழக்கமான ராஜகுமாரன் கதைன்னு எங்களை நம்ப வச்சு, அப்புறம் தலைகீழாத் திருப்பினீங்க பாருங்க! எத்தனை வருஷம் திட்டம் போட்டீங்க?"

"திட்டம் இல்லீங்க சார்" என்றார் அய்யாவு, அதே குரலில். "தப்பாப் பேக் பண்ணிட்டேன்."

வாசல் வரை வழியனுப்பப் போன என் தோளில் வாத்தியார் கை வைத்தார். "என்ன அடக்கம் பாத்தியா தம்பி!"