ஆறடிப் பெட்டி

அண்ணனுக்குப் பெட்டி எடுக்கப் போன இடத்தில்தான் முதல் சண்டை. சவப்பெட்டி விற்பவர் என் மடியில் இருந்த பொதியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சின்னப்பிள்ளைகளுக்கென்று செய்து வைத்திருந்த வெள்ளைப் பெட்டி ஒன்றைத் தூசி தட்டி என் முன்னால் வைத்தார். எலும்புதானே, இது காணும், வள்ளத்தில் ஏற்றவும் சுகம் என்றார். என் மனுசனும் தலையாட்டினார்.

"நீர் விசர்க்கதை கதையாதேயும்," என்றேன் கடைக்காரரிடம். "பெரிய ஆம்பிளைக்கு எடுக்கிற பெட்டியைக் காட்டும்."

எனக்கு வாய் நீளம் என்று நெடுந்தீவு முழுக்கப் பெயர். உண்மைதான், அதற்காக நான் வெட்கப்பட்டதும் கிடையாது. ஆனால் அன்று நான் அம்மாவின் வாயால்தான் பேசினேன். காலையில் வெளிக்கிடும்போது அவ எனக்குச் சொன்னது ஒன்றுதான். "அவன் எங்கட வாசலில குனிஞ்சு வெளிக்கிட்டுப் போன உயரமான பிள்ளை. பெட்டி ஆறடிக்குக் குறையக் கூடாது."

அண்ணன் இயக்கத்துக்குப் போனவர். செத்துப்போனார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகும் அவர் வராததை வைத்து நாங்களாகவே தெரிந்துகொண்டோம். பல வருடங்கள் கழித்து, வன்னியில் ஒரு காணியில் கிணறு வெட்டியவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். நீதிமன்றம், ஆய்வு என்று அலைந்து, அம்மாவின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்து, இது உங்களுடைய பிள்ளைதான் என்று சொல்லித் தந்தார்கள். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. எங்கள் சேமக்காலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் மகனை அடக்கம் செய்ய வேண்டும், அதையும் ஒரு முழு ஆளுக்குச் செய்வதுபோலச் செய்ய வேண்டும். அவ கேட்டது அவ்வளவுதான்.

வள்ளம் ஏறும் குறிகட்டுவான் துறையில் நான்கு பேர் எங்களுக்காகக் காத்து நின்றார்கள். அண்ணனோடு இயக்கத்தில் இருந்தவர்கள். ஒருவருக்கு ஒரு கால் பொய்க்கால். ஒருவருக்கு இடக்கை முழங்கையோடு சரி. ஒருவருக்கு ஒரு கண் இல்லை. மற்றவரின் முதுகில் சண்டையில் பாய்ந்த செல் துண்டு இன்னும் கிடக்கிறதாம், பாரம் தூக்கக் கூடாதாம். எல்லோருக்கும் தலை வெளுத்துவிட்டது. அடக்கம் முடிய அன்று திரும்பிப்போக வள்ளம் இராது என்பதால் ஆளுக்கொரு பையில் மாற்றுடுப்புக் கொண்டுவந்திருந்தார்கள். பெட்டியைத் தாங்கள் தோளில் காவலாமோ என்று பொய்க்கால்காரர் கேட்டார்.

ஏலாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். பாவம்தான். ஆனால் நொண்டி நொண்டிப் போய், அம்மாவின் கண்ணுக்கு முன்னால் பெட்டியைப் போட்டுவிட்டால் நான் என்ன செய்ய? பெட்டி தூக்கவென்று ஊரில் கடற்றொழில் செய்யும் பெடியளைச் சொல்லி வைத்திருந்தேன். ஒவ்வொருவனும் வலை இழுத்து உரமேறியவன். பொய்க்கால்காரர் "ஓம் தங்கச்சி," என்றுவிட்டு வள்ளத்தில் ஒதுங்கி இருந்தார்.

ஊரே இறங்குதுறையில் நின்றது. அம்மாவுக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். பக்கத்தில் கோயில் சுவாமியார் நின்றார். பெடியள் வள்ளத்துக்குள் குதித்து, ஒரு ஆளின் பாரத்தை நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். உள்ளே இருந்ததோ ஒரு சின்னப் பொதி. பெட்டி விசுக்கென்று மேலே போய் ஒரு பக்கம் சரிந்தது. பொதி தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு உருண்டு பலகையில் அடித்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கோதாரி விழுவாங்கள் என்று நான் பெடியளை ஏசத் தொடங்க, அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினா.

"பிள்ளை உள்ளுக்க உருளுறான்," என்றா. "இப்பிடி நான் அவனைக் கொண்டுபோக மாட்டன்."

ஆறடிப் பெட்டி வேண்டுமென்று சண்டை பிடித்த கெட்டிக்காரிக்கு, மிச்ச இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்ற யோசனை வந்திருக்கவில்லை. சுவாமியாரும் என்னைப் பார்க்கிறார், நானும் அவரைப் பார்க்கிறேன்.

பொய்க்கால்காரர் யாரையும் கேட்கவில்லை. பெட்டியைச் சீமெந்தில் வைக்கச் சொல்லி மூடியைத் திறந்தார். தன் பையிலிருந்து சாரத்தை எடுத்து, மடித்து, பொதிக்கு ஒரு பக்கத்தில் அணைவாக வைத்தார். மற்ற மூவரும் தங்கள் பைகளைத் திறந்தார்கள். சாரம், துவாய், போர்வை, மறுநாள் பூசைக்கென்று அயன் பண்ணிக் கொண்டுவந்த வெள்ளைச் சேட்டு எல்லாம் உள்ளே போயின. ஒற்றைக் கைக்காரர் ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு மடித்தார். அண்ணனை நடுவில் இருத்திச் சுற்றிவர இறுக்கி, மூடியைப் போட்டார்கள். பொய்க்கால்காரர் பெட்டியை ஆட்டிப் பார்த்தார்.

"இனி உருளார் அம்மா," என்றார்.

அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. அவர்களிடமே சொன்னா, நீங்களே காவுங்கோ என்று. முதுகில் செல் துண்டு உள்ளவரை மட்டும் நான் நிற்கச் சொன்னபோது, இதுவும் ஒரு பாரமோ என்று கேட்டுவிட்டுத் தோளைக் கொடுத்தார். அவர்கள் மெல்ல மெல்லத்தான் போனார்கள். அவசரக்காரி நான் உட்பட முழு ஊரும் அவர்களின் நடைக்குத்தான் நடந்தது. இறங்குதுறையிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து சேமக்காலைக்கு, எங்கேயும் பெட்டி ஆடவில்லை. அதை நான் எங்கேயும் அடித்துச் சொல்வேன்.

சேமக்காலையால் வந்தால் எங்கள் வீட்டில் தோயாமல் உள்ளே கால் வைக்க விடமாட்டோம். நான்கு பேரும் கிணற்றடியில் தலைக்கு வார்த்துவிட்டு, ஈர உடுப்போடு அந்தரப்பட்டுக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர்களுடைய மாற்றுடுப்பு முழுக்க மண்ணுக்குள் கிடக்கிறதென்று. என் மனுசனின் சாரங்களை எடுக்க ஓடினேன். அம்மா எனக்கு முந்திவிட்டா.

அலுமாரியின் அடித்தட்டு திறந்து கிடந்தது. நான் தொட்டால்கூட அம்மா சீறி விழும் தட்டு அது. அண்ணன் வந்தால் உடுக்கவென்று அவருடைய சாரங்களும் சேட்டுகளும் அதற்குள் இருந்தன. ஒவ்வொரு மாரியும் கழிய அவவே எடுத்து வெயில் காட்டி, திரும்ப மடித்து வைப்பா. அன்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் ஆளுக்காள் கொடுத்தா. அண்ணனின் சேட்டு எல்லோருக்கும் பெரிது. ஒற்றைக் கைக்காரரின் இடப்பக்கத்துச் சேட்டுக் கை வெறுமையாகத் தொங்க, அம்மா அதை மேலே மடித்து, தன் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் குத்திவிட்டா.

"விடியத் தோய்ச்சுக் காயவிட்டுத் தாறம் அம்மா," என்றார் அவர்.

"வேண்டாம், உடுத்துக்கொண்டே போங்கோ," என்றா அம்மா. "அவன்தான் வந்திட்டானே."