தலை குனிந்த தாய்மாமன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் சடையப்பன் ஐம்பத்து மூன்று வயது வரை யாருக்கும் தலை குனிந்தவர் அல்ல. கோயிலில்கூட சாமியை நேருக்கு நேர் முறைத்துத்தான் கும்பிடுவார். அவருக்கும் தங்கை புருஷன் ராஜமாணிக்கத்துக்கும் பேச்சு நின்று எட்டு வருடம். எல்லாம் ஒரு பேனரால் வந்த வினை. தங்கை மகள் வினோதினியின் மஞ்சள் நீராட்டுக்குச் சடையப்பன் அடித்த பேனரில் தாய்மாமன் ஆளுயரத்துக்குச் சிரித்தார். பெண்ணைப் பெற்ற ராஜமாணிக்கமோ கீழ்க்கோடியில், பந்தல்காரரின் போன் நம்பருக்குப் பக்கத்தில், பாஸ்போர்ட் சைஸில் ஒண்டிக்கொண்டிருந்தார்.

அவன் என் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும் என்று சிதம்பரத்தில் ராஜமாணிக்கம் சபதம் போட்டார். இந்தக் கழுத்து அதற்கு வளையாது என்று கடலூரிலிருந்து பதில் போனது. நடுவில் கிடந்து அழுதவள் தங்கை ஞானாம்பாள்தான்.

அந்தக் கழுத்தை வளைக்க விதி கண் வழியாக வந்தது. ஒரு நாள் சடையப்பனின் வலது கண்ணில் கறுப்புத் திரை இறங்கியது. விழித்திரை கழன்றுவிட்டதென்று உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒட்டவைத்ததைத் தாங்கிப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழி விட்டிருந்தார்கள். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்க, உண்டாலும் உறங்கினாலும் நடந்தாலும் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவே கூடாது. கண் கடுமையாக வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ நேரம் காலம் பார்க்காமல் ஓடி வரவேண்டும் என்றார் டாக்டர் ஸ்ரீமதி.

அந்த வாரமே சிதம்பரத்தில் வினோதினிக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றுவதா என்று ஞானாம்பாள் போனில் தேம்பினாள். சடையப்பன் கிளம்பிவிட்டார். மனைவி பவானி தடுத்துப் பார்த்தாள்.

"டாக்டரு தலயத் தூக்காதன்னுதான் சொன்னாங்க. சிதம்பரம் போவாதன்னு சொல்லல" என்றார் அவர்.

அவருக்குக் கண்ணில் ஏதோ ஆபரேஷன் என்பது மட்டுமே மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கறுப்புக் கண்ணாடியோடு வருவார் என்று எதிர்பார்த்தார்கள். கண்ணாடியும் வந்தது; ஆனால் முகவாய் நெஞ்சைத் தொட்டபடி வந்தது. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த ராஜமாணிக்கத்துக்குக் கை நின்றுபோயிற்று. எட்டு வருடச் சபதம் எதிரில் வேட்டி கட்டிக்கொண்டு குனிந்து நின்றது.

"போதும் மச்சான்" என்று அவர் குரல் உடைந்தது. "நிமிந்து என்னப் பாரு."

முகவாயைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். சடையப்பன் பயந்து இன்னும் குனிந்தார். தூக்கத் தூக்க அவர் குனிய, அவர் குனியக் குனிய ராஜமாணிக்கம் உருகினார். ஞானாம்பாள் ஓடி வந்து அண்ணன் தோளில் சாய்ந்து விம்மினாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்த சடையப்பன், தட்டு மாற்றிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

தட்டு இன்னும் மாறவில்லை. அதற்குள் கண்ணின் பின்னால் யாரோ ஆணி இறக்குவதுபோல் வலி எடுத்தது, பாதித் தலை வெடித்தது, குமட்டியது. மண்டபம் வைத்தியத்தில் இறங்கியது. பித்தம் என்று ஒருவர் சோடா உடைத்தார். திருஷ்டி என்று ஓர் அம்மாள் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். செய்த தப்பை நினைத்து நெஞ்சு தாங்கவில்லை என்றார் ராஜமாணிக்கம். மல்லாக்கப் படுக்கவைக்க அவரே ஜமக்காளம் விரித்தார்.

பவானி குறுக்கே வந்து நின்றாள்.

"படுக்க வைக்காதீங்கண்ணே. உள்ள கண்ணு போயிடும். இப்பவே ஆஸ்பத்திரி போவணும்."

ராஜமாணிக்கம் ஒரு கணம் மகளைப் பார்த்தார். தட்டை மாற்றிக்கொள்ளும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு, காரைத் தானே எடுத்தார். பவானி மடியில் குப்புறக் கிடந்த சடையப்பன், பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் புதுச் சீட்டுறையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். மன்னித்துவிட்டேன் மச்சான், மனசைப் போட்டு அலட்டிக்காதே என்று கடலூர் வரை முன்சீட்டிலிருந்து ஆறுதல் வந்துகொண்டே இருந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. ஊசி போட்டு, சொட்டு மருந்து விட்டு, கொஞ்சம் வாயுவையும் வெளியே எடுத்தார்கள். வலி அடங்கியது. இன்னும் தாமதித்திருந்தால் பார்வை திரும்பியிருக்காது என்றார் டாக்டர் ஸ்ரீமதி. பிறகு, பழையபடி தலையைக் குனிந்தே இருங்கள், இன்னும் அஞ்சு நாள் என்றார்.

"பழையபடின்னா?" என்றார் ராஜமாணிக்கம். "அப்ப, எனக்காகக் குனியல?"

ஒரு பொய் போதும். கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்த மனுஷனுக்கு அதைத் தருவதா வேண்டாமா என்று சடையப்பன் தவித்தார். தரையில் அவருக்குத் தெரிந்தது ராஜமாணிக்கத்தின் கால்கள் மட்டுமே. செருப்பில்லாமல், புழுதி அப்பிய கால்கள்.

"இல்ல மச்சான். டாக்டருக்காவ." பிறகு அவரே கேட்டார். "செருப்பு எங்க?"

"மண்டபத்துல கெடக்கு. அதத் தேடிக்கிட்டா இருக்க முடியும்?"

சடையப்பன் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "டாக்டரு இப்ப நிமிரச் சொன்னாலும் நிமிர மாட்டேன் மச்சான்" என்றார்.

மறுநாள் காலை மஞ்சக்குப்பம் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. அவசரமென்றால் உடனே எடுக்கத் தோதாகத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார் ராஜமாணிக்கம். மாற்றுத் துணிப் பையை உள்ளே வைத்தார். சடையப்பன் குனிந்து உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, உறவுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார்.

"வந்து பாத்துட்டுப் போங்க. அஞ்சு நாள்தான் இருப்பான் இப்புடி."