பார்டர் போட்ட ஆற்றுப் பலகை

பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். கீழே ஒரு வாழைப்பழத்தில் ஊதுவத்தி குத்தியிருந்தது. இந்தத் தண்ணீர் ஆபத்து என்று சொல்வதற்காக நான் வைத்த பலகை அது.

எப்படி அப்படி ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் என் வீட்டிலிருந்தபடியே அரைநாள் வேலை ஒன்று பார்க்கிறேன். சுற்றுவட்டாரத்து ஆறு, ஏரிகளுக்குப் போய்த் தண்ணீரைச் சோதித்து, மீன் இருக்கிறதா, எந்தப் பறவை வருகிறது, எது வருவதை நிறுத்திவிட்டது என்றெல்லாம் குறித்துவரும் சின்னக் குழு அது. குறிப்பது மற்றவர்கள். அதை ஊருக்குப் புரியும்படி சொல்வது என் பொறுப்பு. விலங்கியல் படித்திருந்ததால் கிடைத்த வேலை. மழையில் ஏன் நனையக் கூடாது என்பதை என் நான்கு வயதுப் பெண்ணுக்கே என்னால் புரியவைக்க முடிந்ததில்லை என்பதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஆற்றின் உடல்நிலையைச் சொல்ல ஒரு நிறம் போதும் என்று நினைத்தேன். நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், கெட்டுப்போயிருந்தால் சிவப்பு. நிற விளக்கத்தை அடியில் சின்ன எழுத்தில் போட்டுவிடலாம். எங்கள் ஊர் ஆறான வேகவதிக்குச் சிவப்பு என்பதில் குழுவில் யாருக்கும் சந்தேகமில்லை. திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில், பாலத்தை ஒட்டி, படித்துறைக்குப் பக்கத்தில் பலகையை நடுவதாக முடிவானது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெயின்டருக்குப் படத்தைப் போனில் அனுப்பினேன்.

வந்து சேர்ந்த பலகையில் நல்ல அரக்குச் சிவப்பு. சுற்றிலும் கரும்பச்சையில் பட்டையான பார்டர், அதில் வரிசையாகக் கோபுரம், ஓரத்தில் ஜரிகை நிறத்தில் ஒரு கோடு.

"வெறும் செவப்பா எப்படிமா உடுறது? மொட்டையா நின்னுக்கினு இருந்துச்சு. அதான் பார்டர் இழுத்தேன்" என்றார் பெயின்டர். "கண்ணுக்கு நிறைவா இருக்குதுல்ல?"

இருந்தது. அதுதான் என்னை ஒன்றும் சொல்லவிடவில்லை. என் கணவர் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். அன்று முழுக்க அதையே யோசித்தேன். நிறம் நான் சொன்ன நிறம்தானே, சிவப்பு சிவப்புதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அப்படியே நடச் சொல்லிவிட்டேன். என் கூறைப்புடவையும் அதே அரக்கு, அதே பச்சை பார்டர். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு மழை பிடித்தது. விட்டுவிட்டு, நாள்கணக்கில். ஒரு புதன்கிழமை பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வெள்ளைச் சீருடை நாள். வெள்ளை ஷூ, வெள்ளை சாக்ஸ் எல்லாவற்றையும் சேற்றிலிருந்து காப்பாற்றி மகளை ஆட்டோவில் ஏற்றியதும் ஆட்டோக்காரர் சொன்னார்: "ஆறு வந்துக்கினு இருக்குதும்மா. ஊரே அங்கதான் கீது. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாமா?"

சளி பிடிக்கும் என்று ஒரு மனம். ஆற்றுக்குப் பலகை வைத்தவள் ஆறு வரும்போது பார்க்காமல் போவதா என்று இன்னொரு மனம். நான் முடிவு செய்வதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது.

எனக்குத் தெரிந்த வேகவதி, கருவேல முட்களுக்கு நடுவே ஒளிந்து ஊரும் ஒரு கறுப்புக் கோடு. அன்று இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தண்ணீர். முட்செடிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் அடியில் ஓடுவது உள்ளங்கையில் அதிர்ந்தது. அதைவிட, நுரை. பாலத்துக்குக் கீழே தண்ணீர் விழுந்து திரும்பும் இடத்தில் வெள்ளை வெளேரென்று என் மகளின் உயரத்துக்கும் மேலே குவிந்து நின்றது. காற்று வீசும்போது துண்டு துண்டாகப் பிய்ந்து எழுந்து, மக்களின் தலைக்கு மேலே மெதுவாகப் போய், யாராவது ஒருவர் தோளில் உட்கார்ந்தது. அவ்வளவு கூட்டத்திலும் சத்தமில்லை. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

படித்ததெல்லாம் ஒரு நிமிடம் என்னைவிட்டுப் போய்விட்டது. அழகு என்று மட்டும்தான் தோன்றியது. இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை நாளும் இங்கேயே, எங்கள் காலடியிலேயே இருந்ததா என்று நினைத்தேன்.

"அம்மா," என்றாள் மகள், நுரையைப் பார்த்தபடியே. "யாரு துணி துவைச்சாங்க?"

அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு திரும்பியது. முதல் வெள்ளம் என்பது இத்தனை மாதமும் ஆற்றில் தேங்கிக் கிடந்ததைத் தள்ளிக்கொண்டு வருவது. வீட்டுச் சாக்கடை, சோப்பு, சாயத் தண்ணீர் எல்லாம். மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பலகை இருக்கும் பக்கம் இறங்கினேன். அப்போதுதான் அந்த மஞ்சள் குங்குமத்தைப் பார்த்தேன்.

பலகைக்கு முன்னால் என் வயதில் ஒரு பெண், தோளில் தூங்கும் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தைக்கு அன்று காலையில்தான் மொட்டை போட்டிருக்க வேண்டும். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. காதுக்கு மேலே கத்தி பட்ட சின்னக் கீறல், அதில் சிவப்பாக ஒரு துளி. அவளுடைய மாமியார் பித்தளைச் செம்போடு படியில் இறங்கித் தண்ணீரை மொண்டுகொண்டிருந்தார்.

"குழந்தைக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. மொட்டை போட்டன்னைக்கே ஆறு வந்துக்குது பாருங்க. புதுத் தண்ணிய தலைல ஊத்தினா நல்லதுன்னு அத்தை சொன்னாங்க."

எனக்கு அந்தக் கீறல்தான் தெரிந்தது.

"வேணாம்மா. இந்தத் தண்ணி நல்லா இல்ல. பலகைலகூடப் போட்டிருக்குது."

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "அதான் போட்டிருக்காங்களே, முகூர்த்தக் கலர்ல. கெட்ட தண்ணின்னா இவ்ளோ லட்சணமா எழுதி வைப்பாங்களா?"

பின்னாலிருந்து ஒரு குரல், "பத்திரிகை வெச்சுட்டாங்க, மாப்பிள்ளை யாருன்னுதான் தெரியல" என்றது. நாலு பேர் சிரித்தார்கள்.

நான் நுண்ணுயிர், கழிவு, ரசாயனம் என்று வேகமாகப் பேசினேன். மாமியார் மரியாதையாகக் கேட்டார். "டீச்சராம்மா நீ?"

"இல்லைங்க. நான்தான் இந்தப் பலகைய வெச்சது."

"நீயே வெச்சுட்டு நீயே வாணாங்கிறியா?"

உண்மையில் எனக்கே நிச்சயமாகத் தெரியாது. நாங்கள் சோதித்தது மழைக்கு முந்தைய தண்ணீரை. இன்று ஓடுவதை யாரும் சோதிக்கவில்லை. ஒருவேளை இவ்வளவு வெள்ளத்தில் எல்லாம் கரைந்து போயிருக்குமோ? இப்படி ஒரு நாளில், ஊரே கைகூப்பி நிற்கும்போது, குறுக்கே நிற்க நான் யார்? செம்பு நிறைந்துவிட்டது. அவர் படியேறி வந்தார். அந்தப் பெண் குழந்தையின் தலையைக் குனியவைத்தாள்.

யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. ஈரப் படியில் உட்கார்ந்து என் மகளின் ஷூவைக் கழற்றி, ஒரு சாக்ஸை உருவினேன்.

"அம்மா, மிஸ் திட்டுவாங்க."

"வேற தரேன்."

குடைக்கம்பியின் நுனியில் அதை மாட்டித் தண்ணீரில் விட்டு, அலசி எடுத்தேன். மண் நிறமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மழைத் தண்ணீர் என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. அதனால் குடிக்கக் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரை முழுக்க அதன் மேல் ஊற்றிப் பிழிந்தேன். மண் போனது. அடியிலிருந்த கருநீலம் போகவில்லை. விரலில் வழுவழுப்பு ஒட்டியது. நாற்றம் அப்படியே இருந்தது. அதை அந்தப் பெண்ணின் முன்னால் நீட்டினேன். பேசவில்லை. பேசினால் மறுபடியும் நுண்ணுயிர் என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று பயம்.

அவள் சாக்ஸைப் பார்த்தாள். என் மகளின் இன்னொரு காலைப் பார்த்தாள். அது வெள்ளையாக இருந்தது. பிறகு குழந்தையின் காதுக்கு மேலே இருந்த கீறலைப் பார்த்தாள்.

"அத்தை, வாணாம்."

மாமியார் சாக்ஸை வாங்கி முகர்ந்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மறுபடி படியிறங்கி, செம்பைத் தண்ணீரிலேயே மெதுவாகக் கவிழ்த்தார். இடுப்பில் செருகியிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து ஆற்றில் தூவினார். "வந்தியே, அது போதும்," என்றார் ஆற்றைப் பார்த்து. நோயில் கிடந்து எழுந்து வந்த ஒருத்தியிடம் பேசுகிற குரல் அது. தண்ணீர் கெட்டிருக்கிறது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அதற்காக அதன் மேலிருந்த மரியாதையில் ஒரு துளியும் குறையவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்தப் பெண் குழந்தையை எழுப்பி, முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பினாள். "பாருடா, ஆறு. தொட வாணாம். பாத்துக்கோ."

குழந்தை கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தது. நாங்களும் பார்த்தோம். எதிர்க்கரையில் தள்ளி, வயலில், கொக்குகள் கூட்டமாக ஆற்றைப் பார்த்து நின்றன. ஒன்றுகூடத் தண்ணீர்ப் பக்கம் வரவில்லை. அதை மகளுக்குக் காட்டினேன். "அதுங்களும் பாக்க வந்துதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சில தாய்மார்கள் பிள்ளைகளை மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள். சிலர் கூப்பிடவில்லை. நுரையை அள்ளி எறிந்து விளையாடியவர்கள் விளையாடிக்கொண்டேதான் இருந்தார்கள். சாக்ஸைப் பலகையின் ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மகளை நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டினேன்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. ஒரு சாக்ஸைக் காட்டிப் பயமுறுத்திவிட்டேனோ? மறுநாள் இன்னொரு சாக்ஸை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே, சாக்கடை சேராத ஓர் ஏரிக்குப் போய், கலங்கிய மழைத் தண்ணீரில் அதே மாதிரி முக்கி, அதே மாதிரி அலசினேன். ஏறக்குறைய வெளுத்துவிட்டது. அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. வெள்ளத்தின் சோதனை முடிவும் பின்னால் வந்தது. தடுத்தது சரிதான்.

குழுவில் கொஞ்சம் தயங்கினார்கள், துணி ஓர் அளவுகோல் ஆகாது என்று. ஆகாதுதான். சோதனை சோதனையாக நடக்கட்டும், துணி பலகையில் தொங்கட்டும் என்றேன். நான் அப்படி அடித்துப் பேசியது எனக்கே புதிது. பெயின்டர் வந்து நடுவிலிருந்த அரக்கை அழித்து வெள்ளையடித்தார். பார்டரை அழிக்கச் சொல்வேனோ என்று அவர் என் முகத்தையே பார்த்தார். இருக்கட்டும் என்றேன். இப்போது அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளைத் துணிகள். ஒன்று புதியது. மற்றது அந்த மாதம் ஆற்றில் முக்கி அலசியது. கீழே பெரிய எழுத்தில், "குழந்தைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்."

போன வாரம் காய்கறிக் கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். குழந்தைக்கு முடி வளர்ந்து காதோரம் சுருண்டிருந்தது. கீறல் இருந்த இடம் தெரியவில்லை.

"அக்கா, துணி வெளுத்துச்சா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா. போன மாசத்துக்கு இந்த மாசம் கொஞ்சம் தேவலாம்னு நினைக்கிறேன். சரியாத் தெரியல."

"அத்தை செம்பைத் தேய்ச்சு எடுத்து வெச்சிருக்காங்க. என்னைக்கு வெளுக்குதோ அன்னைக்கு இவனைத் தூக்கினு வரணுமாம்."

கத்தரிக்காயைப் பையில் போட்டபடி, சொல்கிறேன் என்றேன்.