விசா கேட்க மாட்டோம்

லண்டனில் எங்கள் பகுதி நூலகத்தின் வாசற்கதவுக்கு வலப்புறத்தில் நீலநிறத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. பல மொழிகளில் ஒரே செய்தி. வங்காளத்துக்கும் சோமாலிக்கும் இடையே தமிழ் நிற்கிறது: ‘உள்ளே வாருங்கள். விசா கேட்க மாட்டோம். நீங்கள் சொன்னதை வெளியே சொல்ல மாட்டோம்.’ நாளிதழ் வாசிக்கச் செல்லும் ஒவ்வொரு காலையிலும் அந்த வரியைக் கடந்தே உட்புகுகிறேன். தகட்டுக்குத் தமிழ் வேண்டுமென்று கவுன்சிலர் கேட்டபோது நான் எழுதிக் கொடுத்தது அவ்வரி அன்று. ‘குடிவரவு நிலை குறித்து இவ்விடத்து எவரும் எவரையும் உசாவார், அறிந்ததைப் பிறர்க்கு உரையார்’ என்பதே என் கையெழுத்தில் இருந்தது. கவுன்சிலர் அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆளைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்.”

அவ்வாறு சொல்லிவிட்டு என் பேனாவாலேயே என் வரியை வெட்டினார். ‘விசா’ என்னும் அயற்சொல் வேண்டாவென நான் மன்றாடியதும் பயன்படவில்லை. “பயந்து நிக்கிறவனுக்குத் தெரிஞ்ச சொல் அது ஒண்டுதான்” என்றார். அவர் நகராட்சி மன்றத்தில் எங்கள் வட்டாரத்தின் உறுப்பினர். யாழ்ப்பாணத்துப் பெண், என்னினும் சில ஆண்டு இளையவர். சனம் முகத்துக்கு முன்னே அவரை ‘அக்கா’ என்றும் முதுகுக்குப் பின்னே வேறு பலவாறும் அழைத்தது. அன்பானவர் என்று அவர் உயிரோடிருந்த காலத்தில் ஒருவரும் சொன்னதில்லை. உதவி நாடி வந்தவரை முதலில் ஏசுவார்; பின்னர் அவருக்காக மற்றவரை ஏசுவார்; அவ்விரண்டு ஏச்சுக்கும் இடையில் காரியம் முடிந்திருக்கும்.

அவர் கொண்டுவந்த தீர்மானம் எளிமையானது. நகராட்சியின் எந்த மேசையிலும், நூலகமோ உதவி நிலையமோ எதுவாயினும், வருபவரின் குடிவரவு நிலையை அலுவலர் கேட்கலாகாது. மேசையில் அறிய நேர்ந்ததை, சட்டம் கட்டாயப்படுத்தினாலன்றி, உள்துறைக்குச் சொல்லலாகாது. ஆவணமற்றவர் அச்சமின்றி ஒரு கதவையாவது திறக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். என் மனைவி அத்தீர்மானத்துக்காக, கடவுள் வாக்குக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார். அதற்குக் காரணம் அவருடைய தம்பி.

என் மைத்துனர் தஞ்சம் கேட்டு மறுக்கப்பட்டவர். திரும்பிப் போகவில்லை. வேறொருவர் பெயரில் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். அப்பெயரிலேயே அறை எடுத்திருந்தார். கோயிலிலும் கடைத்தெருவிலும் அப்பெயராலேயே அறியப்பட்டார். நீரிழிவு அவருடைய பாதங்களின் உணர்வை எடுத்துவிட்டிருந்தது. அடுப்பிலிருந்து எடுத்த தட்டின் விளிம்பு காலிற் பட்டுப் புண்ணானதை, மாலையில் சப்பாத்தைக் கழற்றியபோதுதான் அவர் கண்டார். மருத்துவரிடம் போ என்று மனைவி அழுதார். மைத்துனர் சிரித்தார். “ஆரின்ர பேரைச் சொல்லிப் போறது, அக்கா? அந்தாளுக்குச் சீனி வியாதி இல்லை.” புண் அகன்றது. அறைக்குள் நுழைந்தால் அதன் மணம் எழுந்தது. இன்னும் தாமதித்தால் கால் போகும் என்பது மருத்துவம் அறியாத எங்களுக்கும் விளங்கிற்று.

தீர்மானத்துக்குச் சமய நிறுவனங்களின் ஆதரவு இருப்பது நல்லதென்று மன்றத்தில் சொன்னார்களாம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின், கவுன்சிலர் ஆதரவுக் கடிதம் கேட்டு எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்தார். சனம் சோறு உண்டு முடித்து, கை கழுவி, பாய்களிலும் நாற்காலிகளிலும் இருந்தது. கோயிற் செயலாளர் எழுந்தார். இரண்டு கடைகளுக்கு உரிமையாளர், வெண்பட்டு வேட்டி, கணீரென்ற குரல்.

“நாங்கள் வரி கட்டுற சனம், அக்கா. களவா நிக்கிறவைக்காக முருகன்ர பேரில ஏன் கடிதம் குடுப்பான்? எங்கட பிள்ளையள் இஞ்ச தலைநிமிர்ந்து நடக்க வேணும்.”

தலைகள் பல அசைந்தன. மண்டபம் அவர் பக்கம் சாய்வதைக் கவுன்சிலர் கண்டார். அவர் எழும்பக்கூட இல்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

“தம்பி, நீர் டோவரில வந்து இறங்கின நாள் நினைவிருக்கோ?”

செயலாளர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்.

“எனக்கு இருக்கு. நான்தானே உமக்கு மொழிபெயர்த்தனான். லொறியில தக்காளிப் பெட்டிக்கு அடியில கிடந்து வந்தவர். உடம்பெல்லாம் சாறு. காயமெண்டு நினைச்சுப் பொலிஸ்காரன் அம்புலன்சுக்கு அடிச்சிட்டான். நீர் அவன்ர காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு என்ன சொன்னனீர் எண்டு சொல்லட்டோ? இல்ல, வேண்டாம். பிள்ளையள் இருக்கினம்.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பாயில் உருண்டு சிரித்தவர்கள் உண்டு. செயலாளரின் மகன், மீசை அரும்பிய வயதினன், தந்தையைப் பாராமல் நிலத்தைப் பார்த்தான். கடிதம் அன்றே கையொப்பமாயிற்று. இளம் வயதில் கவுன்சிலர் துறைமுகங்களிலும் அலுவலகங்களிலும் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் என்பதை அன்றுதான் பலரும் அறிந்தனர்.

தீர்மானம் நிறைவேறியது. தகடு ஏறியது. மறுவாரமே மைத்துனரை அழைத்துக்கொண்டு நூலகத்துக்குள் இருந்த நகராட்சி உதவி மேசைக்குச் சென்றேன். கவுன்சிலர் முன்னமே வந்து நின்றார், காலிற் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். “இவ்வளவு காலமும் காலை அழுக விட்டிட்டு இப்ப வாறீர். உம்மைப் பாக்கப் பாவமா இல்லை, எரிச்சலா இருக்கு.” மைத்துனர் கைகூப்பினார். “அப்பிடியே ஏசுங்கோ அக்கா. கனகாலமா என்னை என்ர பேரில ஒருத்தரும் ஏசேல்லை.” மேசையில் இருந்த பெண் ஒன்றும் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை. ஒரு மருத்துவரிடம் அவரைப் பதியச் செய்து, நாள் குறித்து, புன்னகையோடு அனுப்பிவைத்தார்.

மருத்துவரின் காத்திருப்பறையில் தாதி மைத்துனரின் உண்மைப் பெயரை உரக்க அழைத்தார். அவர் அசையவில்லை. மீண்டும் அழைத்தார். அப்போதும் மற்றவர்களைப் போலவே, யாரை அழைக்கிறார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தோளைத் தட்டினேன். “ஓ, நான்தானே” என்று எழுந்தவரின் முகத்தை இன்றும் மறக்க இயலவில்லை. பிறர் பொருளைத் தொட்டுவிட்டவர்போல் கூசி நின்றார். கிழமைதோறும் கட்டு மாற்றினார்கள். கிழமைதோறும் அப்பெயரை அழைத்தார்கள். புண் சுருங்கிற்று. அவரும் முதல் அழைப்பிலேயே எழும்பப் பழகிக்கொண்டார்.

அந்நாள்வரை அவர் கோயிலுக்கு வருவார், அர்ச்சனை செய்யமாட்டார். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். உண்மைப் பெயரைச் சொன்னால் சனம் கேட்கும். இரவற் பெயரைச் சொன்னால் முருகன் கேட்பார். பேக்கரிக்கும் வீட்டுக்காரனுக்கும் வங்கிக்கும் சலிக்காமற் பொய்யுரைத்த அம்மனிதருக்கு, அந்த ஓரிடத்தில் மட்டும் நா எழவில்லை. கால் ஆறி வந்த மகிழ்ச்சியில், தேர்த்திருவிழா நாளன்று, தேங்காய்த் தட்டோடு முன்வரிசையிற் போய் நின்றார். ஐயர் கேட்டார். மைத்துனர் தம் பெயரை, தாய் தந்தை வைத்த பெயரை, மணியோசைக்கும் மேலாகச் சொன்னார். அத்த நட்சத்திரம் என்றார். என் மனைவி விம்மினார். பூத்தட்டோடு தூணருகே நின்ற செயலாளர் திரும்பிப் பார்த்தார்.

“ஓ, இவருக்கு ரெண்டு பேரோ?”

அருகில் நின்றோர் சிரித்தனர். மைத்துனரும் சிரித்தார்.

அடுத்த கிழமை, பகல் வேளையில், குடிவரவு அலுவலர் பேக்கரிக்குள் புகுந்தார்கள். அவர்கள் கேட்டது மைத்துனரின் உண்மைப் பெயரை. அப்படி ஒருவரும் இங்கில்லை என்றார் முதலாளி. தாம் அறிந்தமட்டில் அவர் சொன்னது உண்மையே. உடன் வேலை செய்தவர்களும் அவ்வாறே சொன்னார்கள். அலுவலர் திரும்பவிருந்தனர். அவர்களுள் ஒருவர், போகிற போக்கில், அப்பெயரைச் சற்று உரக்க அழைத்தார். மாக்குழைத்த கையோடு அடுப்பருகே நின்ற மைத்துனர் திரும்பிப் பார்த்தார். முதல் அழைப்பிலேயே.

மறுநாள் கோயில் வாசலில், செருப்பு வைக்கும் தட்டருகே, கவுன்சிலர் ஒரு காலிற் சப்பாத்தோடு குனிந்திருந்தார். நானும் அருகில் நின்றேன். செயலாளர் எங்களைக் கடந்து சென்றார், நின்றார், மிக அமைதியாகக் கேட்டார்.

“தக்காளி இப்ப என்ன விலை, அக்கா?”

கவுன்சிலர் நிமிர்ந்தார். மற்றச் சப்பாத்து கையிலேயே இருந்தது.

“ஓம், நான்தான் போன் அடிச்சனான்” என்றார் செயலாளர். “என்ன பேர் எண்டு கேட்டாங்கள், சொன்னனான். முருகனுக்கு முன்னால அவர் தன்ர வாயால சொன்ன பேர். உங்கட தீர்மானம் கவுன்சில்காரருக்குத்தானே? எனக்கில்லையே.”

அவர் சொன்னது சரி. தீர்மானம் நகராட்சியின் அலுவலரை மட்டுமே கட்டியது. நூலகத்து மேசைப் பெண் ஒரு சொல்லும் வெளியிடவில்லை. மருத்துவரின் தாதியும் வெளியிடவில்லை. அந்நியர் அனைவரும் வாக்குக் காத்தனர்.

அன்று மாலை கவுன்சிலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், நகரத் தலைவர் என்று எவரெவரையோ தொலைபேசியில் அழைத்தார், எல்லாரும் வருந்தினார்கள். “எங்கட அதிகாரம் எங்கட கதவோட முடியுது, ஐயா” என்றார். வீட்டுக்கு வந்த எவருக்கும் தேநீர் கொடுக்காமல் என் மனைவி இருந்ததில்லை. அன்று கொடுக்கவில்லை. வாசல்நிலையிற் சாய்ந்து நின்று கேட்டார்.

“மேசையில கேட்டதை வெளியில சொல்லக்கூடாது எண்டுதானே உங்கட தீர்மானம்? அந்தாள் டோவரில அழுததை நீங்கள் எந்த மேசையில இருந்து கேட்டனீங்கள், அக்கா?”

கவுன்சிலர் தொலைபேசியை மேசையிற் குப்புற வைத்தார். எந்த ஏச்சுக்கும் மறு ஏச்சு வைத்திருந்த பெண் அவர்.

“டோவர் மேசையில இருந்துதான்” என்றார் கடைசியில். “அவனுக்கு நான் குடுத்த வாக்கு அது. சிரிப்புக்காக வித்துப்போட்டன்.”

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். என் மனைவி கதவைச் சாத்தினார். அதன்பின் அவருக்காக அக்கதவைத் திறக்கவே இல்லை.

மைத்துனரைத் தடுப்பு நிலையத்தில் வைத்திருந்தார்கள், கட்டு ஒழுங்காக மாற்றப்படவில்லை, விமானத்தில் ஏற்றினார்கள். யாழ்ப்பாணம் சென்று சேர்ந்தபோது புண் மறுபடி திறந்து எலும்பைத் தொட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பின் தொலைபேசியில் அவர் என்னிடம் சொன்னது: “லண்டனில வெட்டியிருந்தா அது அங்கேயே கிடந்திருக்கும், அத்தான். என்ர ஒரு காலுக்காவது இருக்க இடம் குடுத்திருப்பாங்கள்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை.

கவுன்சிலர் சென்ற குளிர்காலத்தில் இறந்தார். தகனசாலையில் இடமின்றி ஆட்கள் வெளியே நின்றார்கள். கோயிலின் சார்பில் இரங்கலுரை ஆற்றியவர் செயலாளர். “எல்லாரையும் தன்ர பிள்ளையளைப்போல அணைச்ச தாய்” என்றார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அவர் அழுதது நடிப்பென்று எனக்குத் தோன்றவில்லை. வெற்றியும் மனிதரை நெகிழச் செய்யக்கூடும். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கிடந்தவரால் ஒரு நொடி எழும்ப முடிந்திருந்தால் அந்த மண்டபம் எப்படிச் சிரித்திருக்கும் என்று எண்ணினேன். எண்ணியதற்குப் பின்னர் அங்கே நிற்க இயலாமல் வெளியே வந்தேன்.

தகடு இன்றும் பளபளப்பாகவே இருக்கிறது. நகராட்சி அதைத் தவறாமல் துடைக்கிறது. இன்று காலை அதன்முன் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு நின்றாள். உதடு அசைய அசையத் தமிழ் வரியை வாசித்தாள். கதவைத் தொட்டாள்; கையை எடுத்தாள். என் நெற்றியில் திருநீற்றைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஐயா, இதில எழுதியிருக்கிறது உண்மையே? நம்பி உள்ள போகலாமோ?”

குழந்தைக்குக் காய்ச்சல்போலும், கன்னம் சிவந்திருந்தது. நான் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தேன்.

“ஓம், பிள்ளை. இதுக்குள்ள நம்பிப் போங்கோ. ஒருத்தரும் கேக்க மாட்டினம், ஒருத்தருக்கும் சொல்ல மாட்டினம்.” அவள் ஒரு காலை உள்ளே வைத்தபின், எஞ்சியதையும் சொன்னேன். “கோயிலில மட்டும் உங்கட பேரைச் சொல்லிப்போடாதேங்கோ.”