வெள்ளி இழையும் என் வேர்த்த கையும்

பழவங்காடிப் பிள்ளையாரை நம்பி வாழும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. ஆய்வகக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார், ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் என் கைடு.

"எந்தா இது? கையா, பைப்பா?" என்றார், மலையாளம் கலந்த தமிழில். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பயந்தால் இன்னும் அதிகம்.

எங்கள் வேலை இதுதான். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய வெள்ளி இழைகளை, கண்ணாடி போல் தெளிந்த சிலிக்கோன் ஷீட்டில் வலையாகப் பரப்ப வேண்டும். இழுத்தாலும் அதில் மின்சாரம் ஓட வேண்டும். நெஞ்சில் ஒட்டி இதயத் துடிப்பைப் பார்க்கும் பட்டைக்கு அது தேவை. நான் செய்த ஷீட்டில் முதல் நாள் பல்பு எரியும். பெட்டியில் வைத்துச் சில வாரம் கழித்து எடுத்தால் பழுப்பேறி இருக்கும். இழுத்ததும் பல்பு அணைந்துவிடும்.

கையுறைக்குள்ளிருந்தும் என் வேர்வை உப்பு கசிந்து வெள்ளியை அரிக்கிறது என்று சார் முடிவு கட்டிவிட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் கையை நீட்ட வேண்டும். கடைசியில், "அடுத்த கமிட்டி மீட்டிங்குக்குள்ள சரியாகல்லேன்னா உன் பிஎச்.டி. ரெஜிஸ்ட்ரேஷன் கேன்சல். கரமனைல உன் வீட்டுல உக்காந்து முறுக்கு சுத்து. அதுக்காவது இந்தக் கை ஆகுமோ என்னவோ" என்றார். இவ்வளவு வருஷம் படித்ததெல்லாம் போச்சு என்று நினைத்தேன். செத்துப்போகலாம் என்றும் நினைத்தேன்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கிழக்கே கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் வாங்கி உடைத்தேன். 'எனக்குப் பட்டம் தராவிட்டால் போகட்டும். தப்பு என் கையிலா இல்லையா, அதை மட்டும் சொல்லு' என்று பிள்ளையாரிடம் சண்டை போட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை.

விநாயக சதுர்த்தி வந்தது. வெள்ளித் தட்டையும் கிண்ணத்தையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, துணியில் சுற்றி அலமாரியில் வைப்பது என் மாமியாரின் வழக்கம். பூஜைக்காகப் பிரித்தால் தட்டின் குறுக்கே கன்னங்கரேலென்று ஒரு கோடு.

"போன வருஷம் நீ தேச்சுவெச்ச லட்சணம். தொட்டதெல்லாம் கறுக்கறதே, அது என்ன கையோ" என்றார் மாமியார்.

எனக்குக் கோபம் வரவில்லை. தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் தட்டு முழுக்கத் தேய்த்தது நான்தான். கறுத்திருந்தது ரப்பர் பேண்ட் பட்ட இடம் மட்டும். ரப்பரில் கந்தகம் உண்டு, அது வெள்ளியைக் கறுக்கும். படித்த பாடம்தான். ஆனால் எங்கள் ஷீட்டுகளைக் கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து, ரப்பர் பேண்டால் கட்டிப் பெட்டியில் மூட வேண்டும் என்பது சாரின் கட்டளை. அதை யாரும் சந்தேகப்படவில்லை. பிள்ளையாரே, என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டாய் என்று அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

அதே வேர்த்த கையால் புது ஷீட்டுகள் செய்தேன். பாதியை ரப்பர் பேண்டாலும் பாதியை நூலாலும் கட்டி, தனித்தனிப் பெட்டியில் வைத்தேன். சில வாரம் கழித்து, கமிட்டி அன்று நூல் கட்டியதை இழுத்தேன், பல்பு எரிந்தது. மற்றது எரியவில்லை. "இது நான் நேரத்தே சந்தேகிச்சதாக்கும்" என்றார் சார் கமிட்டியிடம், தனக்கு முன்பே தெரியும் என்பதுபோல. என் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு பழைய பெட்டிகளைக் காலி செய்தபோது, ஒன்றில் செல்வி என்ற பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுப் பழுப்பேறிய ஷீட்டுகள். எனக்கு முன்னால் இதே மேசையில் இருந்தவளாம். இதே காரணம் சொல்லி அவளைத் துரத்தினார்களாம். விசாரித்துக்கொண்டு, மலையோரத்தில் இருக்கும் வித்துராவுக்குப் போனேன். எஸ்டேட் தொழிலாளியின் மகள். அங்கே ஒரு பேக்கரியில் வேலைக்கு நின்றாள். நடந்ததைச் சொன்னேன்.

அவள் கையை நீட்டினாள். சுத்தமாகக் காய்ந்திருந்தது. கை வேர்க்கக் கூடாதென்று நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் ஆபரேஷன் செய்துகொண்டாளாம். அதற்குப் பிறகும் அவளைச் சேர்க்கவில்லை. இப்போது கைக்குப் பதில் முதுகெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நானும் பழவங்காடியில தேங்கா உடைச்சேன் அக்கா. கை வேர்க்காம இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது ஆய்வகத்தில் யாரையாவது கையை நீட்டச் சொன்னால் நான் எழுந்து நின்று சண்டை போடுகிறேன். முன்பெல்லாம் எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. அதுவும் பிள்ளையார் கொடுத்ததுதான்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, நீங்களும் ஒரு தேங்காய் உடைத்து அவரிடம் கேளுங்கள். எனக்குப் பதில் சொன்னவர் உங்களுக்கும் சொல்வார். செல்வி வேண்டியதும் அவர் காதில் விழுந்திருக்கும் என்றே நம்புகிறேன். அப்படி நம்பாவிட்டால், தினமும் அந்தக் கோயிலைத் தாண்டி என்னால் வீட்டுக்குப் போக முடியாது.